சேறு படாத பாதங்கள்



பிரெஞ்சு ஓவியர் வில்லியம் அடால்ஃப் பூகெரோ 1882இல் வரைந்த ஓவியம் ஒன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. கொட்டை பொறுக்க வந்த இரண்டு கிராமத்துச் சிறுமிகள் புல்தரையில் ஓய்வாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் காலிலும் செருப்பு இல்லை. ஆனால் அந்தப் பாதங்களில் ஒரு முள் கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. காட்டில் அலைந்த பிள்ளைகளின் கால் அப்படியா இருக்கும்?

பூகெரோவுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தோலின் நிறத்தை அவரைப் போல் தீட்டியவர்கள் குறைவு. வெடித்த பாதத்தையும் அவரால் வரைந்திருக்க முடியும். வரையவில்லை. மாடல்களை வைத்து ஸ்டூடியோவில் வரைந்த இத்தகைய படங்களை அமெரிக்கப் பணக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். வரவேற்பறையில் மாட்டுகிற படத்தில் வறுமை இருக்கலாம். வலி இருக்கக் கூடாது.

அதே 1882இல்தான் பிரான்சில் 6 முதல் 13 வயது வரை கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு மூன்று மாதம் வரை பிள்ளைகளுக்கு விலக்கு தரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். வயலுக்குப் பிள்ளைகளின் கை தேவைப்பட்டது. 1874இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தொழில்துறைக்குத்தான். வயலில் உழைத்த பிள்ளைகளை அது கணக்கில் எடுக்கவில்லை. சட்டம் விட்டுவிட்ட அந்த உழைப்பை ஓவியமும் துடைத்துவிட்டது.

"ஏழைக் குழந்தையை அழகாக வரைந்தது மரியாதைதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏழைகள் எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் உழைப்பின் தடத்தை அழித்த பிறகுதான் ஒரு குழந்தை அழகாகும் என்றால், அந்த மரியாதை யாருக்கு?

குஸ்தாவ் கூர்பே 1849இல் வரைந்த 'கல் உடைப்பவர்கள்' ஓவியத்தில் ஒரு சிறுவன் வருகிறான். கிழிந்த சட்டையோடு கல் நிரம்பிய கூடையைத் தூக்குகிறான். அவன் முகம் நமக்குத் தெரியாது. நம்மைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு நேரமில்லை. அந்த ஓவியம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. இன்று புகைப்படமாக மட்டுமே பார்க்கிறோம். அதிலும் அந்தக் கூடையின் கனம் தெரிகிறது.

பூகெரோவின் சிறுமிகளைப் பார்த்தால் இரக்கம் வருகிறது. கூர்பேயின் சிறுவனைப் பார்த்தால் கேள்வி வருகிறது: இவன் ஏன் கல் சுமக்கிறான்? சுமக்க வைத்தது யார்? இரக்கம் பிச்சை போடும். கேள்விதான் உரிமை கேட்கும்.

இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. வேலை செய்யும் ஒரு குழந்தையின் சிரிப்பைப் படமெடுத்துப் பகிர்வதற்கு முன், அதன் கால்களையும் பாருங்கள்.