ஆழத்தில் தேடிய விண்துகள்



முத்தெடுக்க மூச்சடக்கி மூழ்கிய கடற்கரை நம்முடையது. விண்ணிலிருந்து வரும் துகளைத் தேடியும் மனிதர் ஆழத்திற்கே இறங்கினர் என்பதை இன்று நினைவுகூர்வோம்.

காஸ்மிக் கதிர்கள் ஓயாது புவிமீது பொழிகின்றன. 1991-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகள், மனிதன் அமைத்த எந்த முடுக்கியாலும் தர இயலாத ஆற்றலுடன் வந்தது. அது பிறந்த இடம் இன்றும் புலப்படவில்லை. மின்னேற்றம் கொண்ட துகளின் பாதையை விண்வெளியின் காந்தப்புலங்கள் வளைத்து விடுகின்றன.

நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. அது நேரே வரும். ஆனால் எதனோடும் எளிதில் மோதாது. அதை இனங்காண, பிற துகள்களைத் தடுக்கும் பெரும்பாறை மேலே வேண்டும்.

அப்பாறை கோலார் தங்கவயலில் கிடைத்தது. வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை, 1965-இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களும் கண்டனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும் அத்தடம் தென்பட்டது.

கோலாரின் ஆழத்தைத் தோண்டியவர் யார்? வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைக்கச் சென்ற நம் மக்களே அவர்களுள் மிகப் பலர். பாறையை உடைத்த கைகளுக்கு அன்று ஏடு எட்டவில்லை. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

தேடல் மூடப்படவில்லை. 2023 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலின் அடியில் வைத்த கருவி, அதுவரை காணாத பேராற்றல் நியூட்ரினோ ஒன்றைப் பதிவு செய்தது. அதன் பிறப்பிடமும் விளங்கவில்லை.

இளைஞர்களே, ஆழத்திற்கு வழி திறந்தவர்கள் நம் முன்னோர். அங்கே கருவியோடு இறங்கும் உரிமையும் நமக்குண்டு. பௌதிகமும் கணிதமும் நமக்கு எட்டாதவை என எவர் கூறினும் நம்பாதீர்கள், கற்போம்.