485 குதிரைகளும் ஒரு கடிவாளமும்

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குடியிருக்கும் என் தமக்கையாரின் இல்லத்தில் மூன்று வார காலம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஊரைச் சுற்றிப் பார்ப்பது ஒரு நோக்கம். அதைவிட முக்கியமான நோக்கம் மற்றொன்றும் இருந்தது. தில்லியிலிருந்து நான் புறப்படுவதற்கு முன்னரே தமக்கையார் அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "தம்பி, இவன் ஒரு பேய் வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று நிற்கிறான். நான் சொன்னால் காதில் ஏறவில்லை. நீ தாய்மாமன்; நீ சொன்னால் கேட்பான்" என்றார்.

தாய்மாமன் பதவிக்குச் சம்பளம் கிடையாது. பொறுப்பு மட்டும் உண்டு. காதுகுத்தின்போது என் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை, இருபத்து நான்கு வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்க முற்படும்போது என் சொல்லுக்கு அடங்குவானா என்ற ஐயம் எனக்கு இருக்கத்தான் செய்தது. ஆயினும் தமக்கையாரின் கட்டளையைத் தட்ட முடியவில்லை. புறப்படுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். வண்டியைப் பற்றி அறிவுரை சொல்லப் போகிறவன் அதை ஓட்டியும் பார்த்திருக்க வேண்டாமா?

மருமகன் விரும்பிய வண்டி டாட்ஜ் சார்ஜர். அதில் 'ஸ்காட் பேக்' என்னும் வகை. இத்தகைய வண்டிகளை அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று அழைக்கிறார்கள். நான் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளன். எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அதற்குத் தமிழ் என்ன என்று மனம் தேடத் தொடங்கிவிடும். 'தசை வண்டி' என்று சொன்னால் இறைச்சிக் கடைதான் நினைவுக்கு வருகிறது. 'மல்லன் வண்டி' என்பது ஓரளவு பொருந்தும். சாதாரணக் குடும்பம் ஏறிச் செல்லும் அளவான உடல். அதற்குள் அளவுக்கு மிஞ்சிய எஞ்சின். உயர்தரப் பந்தய வண்டிகளை நோக்க ஓரளவு எட்டக்கூடிய விலை. இம்மூன்றும் சேர்ந்ததே இவ்வகையின் இலக்கணம்.

இதற்குச் சுவையான வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் நடுத்தர அளவுள்ள வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஒரு விதி வைத்திருந்தது. அந்நிறுவனத்தின் பொன்டியாக் பிரிவிலிருந்த பொறியாளர்கள், ஜான் டெலோரியன் முதலானோர், 1964ஆம் ஆண்டு மாடலில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தினார்கள். விதியை மீறினார்களோ என்றால், இல்லை. அதைத் தனி வண்டியாக அறிவிக்காமல், வாங்குபவர் விருப்பப்பட்டுக் கேட்டால் சேர்த்துத் தரும் உபரி வசதி என்று விலைப்பட்டியலில் எழுதிவிட்டார்கள்! அரசாங்கக் கோப்புகளுடன் நாள்தோறும் பழகும் என் போன்றோருக்கு இந்த உபாயத்தின் அருமை நன்கு விளங்கும். அவ்வாறு பிறந்த ஜி.டி.ஓ. என்னும் வண்டியைத்தான் மல்லன் வண்டிகளின் மூத்த பிள்ளை என்று பலரும் கொள்கிறார்கள்.

டாட்ஜ் சார்ஜர் 1966ஆம் ஆண்டு மாடலாக வந்தது. அப்போது அதற்கு இரண்டே கதவுகள். பின்னர்க் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1970இல் வந்தது. காப்பீட்டுக் கட்டணங்கள் ஏறின. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. மல்லர்கள் மெலிந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், சார்ஜர் நான்கு கதவுகளுடன் மறுபிறவி எடுத்தது. நான்கு கதவுள்ள வண்டிக்கு இப்பெயர் தகுமா என்று பழைய அபிமானிகள் முணுமுணுத்தார்கள். குழந்தை குட்டிகளை உடைய அபிமானிகளோ மகிழ்ச்சியோடு வாங்கினார்கள்.

தமக்கையாரின் வீட்டிலிருந்து விற்பனை நிலையம் அதிக தூரமில்லை. அது உட்வர்ட் அவென்யூ என்னும் பெருஞ்சாலையில் இருந்தது. டிட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையிலிருந்து பொன்டியாக் நகர்வரை செல்லும் சாலை அது. 1909ஆம் ஆண்டில் அதில் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் பரப்பினார்கள். 1960களில் அங்கிருந்த வண்டித் தொழிற்சாலைகளின் பொறியாளர்கள் இரவு வேளைகளில் தாங்கள் செய்த வண்டிகளை அதே சாலையில் ஓட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். மல்லனைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

விற்பனையாளர் எங்கள் ஓட்டுநர் உரிமங்களைப் படி எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்தார். அதைவிட வலிமை வாய்ந்த 'ஹெல்காட்' என்னும் வகை ஒன்று பக்கத்தில் நின்றது. 2015ஆம் ஆண்டு மாடலாக வந்தபோதே அதன் திறன் 707 குதிரை. அதைச் சோதித்துப் பார்க்கத் தரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மருமகனின் முகம் மட்டும் சற்று வாடியது.

நாங்கள் ஓட்டிய வண்டியின் எஞ்சின் 392 கன அங்குலம், அதாவது 6.4 லிட்டர். உருளைகள் எட்டு. திறன் 485 குதிரை. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நான் வைத்திருக்கும் வண்டிக்கு மூன்று உருளைகள், ஒரு லிட்டர், 67 குதிரை. என் வண்டிகள் ஏழைச் சேர்த்துக் கட்டினாலும் இதற்கு ஈடாகா. இந்த எஞ்சினுக்கு 'ஹெமி' என்று பெயர். எண்ணெய் எரியும் அறையின் கூரை அரைக்கோள வடிவத்தில் அமைந்ததால் வந்த பெயர் அது. அவ்வடிவத்தில் பெரிய அடைப்பிதழ்களைப் பொருத்தலாம். காற்று தடையின்றி உட்புகும். கிரைஸ்லர் நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே இத்தகைய எட்டு உருளை எஞ்சினைத் தன் வண்டிகளில் வைத்தது. நாங்கள் பார்த்ததில் வடிவம் சற்று மாறியிருந்தாலும் பெயர் மாறவில்லை.

முதலில் மருமகன் ஓட்டினான். பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் ஒருமுறை உறுமிவிட்டு, அடித்தொண்டையில் முனகத் தொடங்கியது. மாமன் அருகில் இருக்கிறான் என்ற எண்ணத்தாலோ என்னவோ, பையன் மிகுந்த நிதானத்துடன் ஓட்டினான். வண்டி எவ்வளவு சாதுவாக நடந்தது என்பதுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. எட்டுக் கியர்களும் தாமாகவே மாறின, மாறுவது தெரியவில்லை. சீரான வேகத்தில் செல்லும்போது எட்டு உருளைகளில் நான்கு ஓய்வெடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. பின்னிருக்கையில் என் தமக்கையாரும் அத்தானும் தாராளமாக உட்காரலாம். பேய் வண்டி என்று சொல்லி அனுப்பிய தமக்கையார் மீது எனக்குச் சற்று மனத்தாங்கல்கூட ஏற்பட்டது.

அடுத்து என் முறை. இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, சாலையின் வலப்பக்கமாகச் செல்வது முதல் நாளில் யாருக்கும் தடுமாற்றமே. திரும்பும்போதெல்லாம் என் வலக்கை சைகை விளக்கின் தண்டைத் தேடிற்று. அதுவோ இடக்கைப் பக்கம் இருந்தது. உட்வர்ட் சாலையில் மற்றொரு சிக்கலும் உண்டு. இடப்பக்கம் திரும்ப விரும்புகிறவர் பல சந்திப்புகளில் நேரே திரும்ப முடியாது. சற்று தூரம் தாண்டிச் சென்று, நடுத்திட்டில் விட்ட இடைவெளி வழியாக வளைந்து திரும்பி வர வேண்டும். இவற்றையெல்லாம் ஒருவாறு சமாளித்து 696ஆம் எண் விரைவுச் சாலையின் ஏறுபாதைக்கு வந்து சேர்ந்தேன்.

"இனி நன்றாக அழுத்தலாம், ஐயா" என்றார் பின்னிருக்கையிலிருந்த விற்பனையாளர். அழுத்தினேன்.

நேயர்களே, அந்தச் சில விநாடிகளை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தலை இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. முனகிக்கொண்டிருந்த எஞ்சின் முழங்கியது. இருபுறமும் சிவந்து நின்ற மேப்பிள் மரங்கள் ஒரே வண்ணமாய்க் குழைந்தன. எனக்கு அச்சம் தோன்றவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். ஏறுபாதை முடிந்தபோது மருமகன் மெல்லிய குரலில், "மாமா, வேகத்தைப் பாருங்கள்" என்றான். முள் 85 மைலைத் தொட்டிருந்தது. ஏறத்தாழ 137 கிலோமீட்டர். அங்கே வரம்பு 70 மைல். எதிரே ஒரு சரக்கு லாரி தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் நினைத்ததைவிட மிகவும் அருகில் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். அதன் பிரேக்குகள் உயர்ந்தவை; வண்டி அடங்கிற்று. என் கைகள் மட்டும் அடங்க நெடுநேரம் ஆயிற்று. 485 குதிரைகளுக்கும் சேர்த்துக் கடிவாளம் ஒன்றுதான். அதைப் பிடித்திருந்தவனோ ஏறுபாதை முழுவதும் அதை மறந்திருந்தான்.

வண்டியை ஒப்படைத்துவிட்டு இருவரும் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தோம். "இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், மாமா" என்றான். "சொல்லத்தான் போகிறேன்" என்றேன். புத்தி சொல்ல வந்தவன் தான் தவறியதை மறைத்தால், அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு?

பிறகு நான் சொன்னது இதுதான். "இந்த வண்டியை நீ விரும்புவது தவறு என்று இனிமேல் என்னால் சொல்ல இயலாது. நானே விரும்பிவிட்டேன். ஆனால் நீ நிதானமாக ஓட்டினாய். நாற்பதைக் கடந்த நான் நிலை தவறினேன். வயது இதில் காவலாகாது என்று தெரிந்தது. நீ என் அருகில் இருந்ததுபோல் உன் அருகில் என்றும் ஒருவர் இருப்பாரா? நள்ளிரவில், மனம் சரியில்லாத ஒரு நாளில், தனியாகச் செல்லும்போது உன்னிடம் முள்ளைப் பார்க்கச் சொல்வது யார்?"

அவன் பொறியியல் படித்தவன். ஆகவே கணக்காகவும் சொன்னேன். வேகம் 70 மைலிலிருந்து 85 ஆனால் கூடுவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஆனால் ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மோதலில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். வண்டியோ 2,000 கிலோ எடை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓட்டுநர் மரண விகிதம் மிகுந்த வண்டிகளின் பட்டியலில் சார்ஜர், சாலஞ்சர், முஸ்டாங், கமாரோ ஆகியவற்றின் வகைகள் பல இடம் பெற்றிருந்தன. உறுதியான உடலும், காற்றுப் பைகளும், நல்ல பிரேக்கும் உடைய வண்டிகள் இவை. குறை வண்டியின் கட்டுமானத்தைவிட, அது ஓட்டுகிறவரிடம் எழுப்பும் ஆசையில்தான் அதிகம் இருக்கிறது.

அவன் வாதாடவில்லை. கைப்பேசியை எடுத்துக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தான். அவன் அப்போது செலுத்திவந்த தொகையைப் போல் இரு மடங்குக்கு மேல் வந்தது. வண்டியின் விலையே 50,000 டாலருக்கு மேல். நகருக்குள் ஒரு கேலனுக்கு 15 மைல்தான் ஓடும் என்பது அரசாங்கக் கணக்கு. நம் அளவில் லிட்டருக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. கடைசியாக மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. இந்த எட்டு உருளை வண்டியில் உந்துவது பின் சக்கரங்கள் மட்டுமே. மிச்சிகனில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் பனி கொட்டும். நான்கு சக்கரங்களும் உந்தும் அமைப்பு ஆறு உருளைச் சார்ஜரில்தான் கிடைத்தது.

நேயர்களில் பலர் சொந்த ஊரைவிட்டு மும்பையிலோ, புனேயிலோ, கொல்கத்தாவிலோ தொழில் நிமித்தம் வாழ்கிறவர்கள். வண்டி வாங்கும் வேளையில் உடனிருந்து சொல்ல மூத்தவர்கள் வாய்ப்பதில்லை. ஆகவே நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனை ஓட்டத்துக்குப் போகுமுன்பே காப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; ஓட்டிய பிறகு கேட்டால் அறிவு வேலை செய்யாது. எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாமென்று சொல்லி, குளிர்ந்த நிலையில் அது எழுப்பும் ஒலியைக் கேளுங்கள். நாள்தோறும் நீங்கள் செல்லும் வழி போன்ற மேடுபள்ளச் சாலையில் ஓட்டுங்கள். பின்னிருக்கையில் கால் மணி நேரம் உட்காருங்கள். விற்பனை நிலையத்தில் அன்றே கையொப்பமிடாதீர்கள். ஓர் இரவு கழியட்டும். முடிந்தால் உங்களைக் கண்டிக்கும் உரிமை உடைய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எனக்கு அந்த உதவியை என் மருமகனே செய்தான்.

நாங்கள் ஓட்டிய அந்தத் தலைமுறைச் சார்ஜர், அமெரிக்க வண்டி என்று பெயர் பெற்றிருந்தாலும், கனடா நாட்டின் பிராம்ப்டன் நகரில் தயாரானது. 2023 டிசம்பரில் அதன் உற்பத்தி நின்றது. அதன் வழித்தோன்றல் 2024இல் முதலில் மின்சார வண்டியாக வந்தது. ஆறு உருளைப் பெட்ரோல் எஞ்சினுடன் பின்னர் வந்தது. மின்சார வண்டிக்கு எஞ்சின் ஒலி கிடையாது அல்லவா? ஆகவே பழைய முழக்கத்தைப் போல் ஒலி எழுப்ப அதில் ஒரு தனிக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். குதிரை போன பின்பும் கனைப்பை விட மனமில்லை!

மருமகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஒரு மாதம் பொறுத்து, ஆறு உருளைச் சார்ஜரை, நான்கு சக்கரங்களும் உந்தும் வகையில் வாங்கினான். தாய்மாமன் கடமையைச் செவ்வனே முடித்துவிட்டேன் என்ற பெருமிதத்துடன் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். 485 குதிரை கேட்ட பிள்ளையை ஏறத்தாழ 300 குதிரைக்கு இறக்கிவிட்டேன் என்று சொன்னேன்.

தமக்கையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, முந்நூறு என்ன குறைச்சலா?"

அதற்கு என்னிடம் விடை இல்லை.