காதுக்கும் இருதயத்திற்கும் என்ன சம்பந்தம்?



"காது குத்துவது மூடவழக்கமல்ல, அதில் விஞ்ஞானம் இருக்கிறது. தோப்புக்கரணத்தில் காதைப் பிடித்தால் நரம்பு தூண்டப்படுகிறது. மேல்நாட்டாரே ஒப்புக்கொண்டு விட்டார்கள்" என்று பலர் பேசக் கேட்கிறோம். அப்படி மேல்நாட்டார் என்னதான் செய்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவோமே!

மூளையின் அடியிலிருந்து வேகஸ் என்றொரு நரம்பு கழுத்து வழியாக இறங்கி இருதயம், நுரையீரல், குடல் வரையில் போகிறது. பயமோ சண்டையோ வந்தால் இருதயத்தை முடுக்கிவிடுகிற நரம்புகள் வேறு. அதை அடக்கி இளைப்பாற வைப்பது இந்த வேகஸ். இதைத் தூண்டினால் இருதயம் மெதுவாகிறதென்று 1845-ல் வெபர் சகோதரர்கள் காட்டினார்கள். 1921-ல் ஆட்டோ லோவி என்பவர் ஒரு தவளையின் இருதயத்தை இப்படி மெதுவாக்கி, அதிலிருந்த நீரை எடுத்து இன்னொரு தவளை இருதயத்தில் விட, அதுவும் மெதுவாயிற்று. நரம்பு ஒரு இரசாயனப் பொருளைக் கொண்டு வேலை செய்கிறதென்பது இதனால் விளங்கிற்று.

இந்த நரம்பின் சின்னக் கிளையொன்று காதுக்கு வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதல்லவா? அதற்குக் காரணம் இந்தக் கிளைதான். ஆகவே, கத்தி வைக்காமல் காதில் ஒரு கவ்வியை மாட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் இருதயத்திற்குச் சேதி போகுமா என்று பரீட்சித்தார்கள். 2014-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தார் நோயில்லாத 48 பேரை வைத்துச் செய்த பரீட்சையில், முடுக்கிவிடும் நரம்புகளின் வேலை குறையக் கண்டார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமாக்காரர்கள், இருதய மேலறைகள் விட்டுவிட்டுத் தாறுமாறாகத் துடிக்கும் வியாதிக்காரர் 53 பேருடைய பரீட்சையை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி வீதம் ஆறு மாதம். ஒரு சாராருக்குக் காதுத் துளைக்கு முன்னால் மூடிபோல் நிற்கும் மேட்டில் கவ்வி. மற்றவர்களுக்குத் தோடு போடும் கீழ்ச் சதையில். ஆறாம் மாதத்தில் முதல் சாராருக்கு அந்தத் தாறுமாறு, மற்றவர்களைவிட நூற்றுக்கு 85 பங்கு குறைவாக இருந்தது.

கீழ்ச் சதையில் ஏன் மாட்டினார்கள்? அங்கே வேகஸ் நரம்பு இல்லை என்பதற்காகவேதான்! அது போலிச் சிகிச்சை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பிணங்களின் காதை அறுத்துப் பார்த்து 2002-ல் எழுதியவர்களும், அந்தச் சதைக்குக் கழுத்திலிருந்து வருகிற வேறு நரம்பே போகிறதென்று சொன்னார்கள். நம்மவர் குழந்தையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குத்துவது எங்கே? அந்தச் சதையில். தோப்புக்கரணத்தில் பிடிப்பது? அதையேதான். பலனிராது என்று விஞ்ஞானி பொறுக்கியெடுத்த இடத்தையே நம் பண்டிதர்கள் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள்! அலங்காரத்திற்கென்று குத்துகிறவர்கள் அப்படியே சொல்லிவிட்டுக் குத்தட்டும்.

இதனால் காதுக் கவ்வி கைகண்ட மருந்தாகிவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. 53 பேர் சின்னக் கூட்டம். 2021-ல் பல பரீட்சைகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்த்தவர்கள், வேகஸின் வேலையைக் காட்டும் இருதயத்துடிப்பு ஏற்ற இறக்கத்தில் கவ்விக்கும் போலிச் சிகிச்சைக்கும் வித்தியாசமில்லை என்றே எழுதினார்கள். ஆகையால் இருதய வியாதியுள்ள தோழர்கள் கடையில் ஒரு கவ்வியை வாங்கி மாட்டிக்கொண்டு, வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.