எடை குறையட்டும், எழுத்து கெடாம

(பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்பின் கணக்காளர் பேசியது)

தலைவி அக்கா பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. கணக்கு வாசிக்கப் போறேன்னு நினைச்சுப் பின்னால நாலு பேர் எந்திரிக்கிறீங்க. உக்காருங்க, இன்னைக்குக் கணக்கு இல்லை.

போன வருஷம் நம்ம குழு ஒண்ணோட கடன் மனு மூணு வாரம் கிடந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்டுக்கு முன்பணம் குடுத்துட்டு அந்தப் பெண்கள் காரியாபட்டிக்கும் வீட்டுக்குமா நடையா நடந்தாங்க. நடந்தது இதுதான். பாஸ்புக் முதல் பக்கத்தைப் போன்ல படம் எடுத்தோம். நாலு எம்பி வந்தது. 200 கேபிக்கு மேல ஏத்த முடியாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஒரு கடையில குடுத்துச் சின்னதாக்கித் தரச் சொன்னோம். 40 கேபி ஆக்கிட்டாங்க. ஏறிடுச்சு, நாமளும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டோம். ஆனா கணக்கு எண்ணுல எது 3, எது 8ன்னு பார்த்தவங்களுக்குத் தெரியலை. 200 வரைக்கும் இடம் இருக்கையில 40க்கு ஏன் இறக்கணும்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. அது என் தப்பு.

அதுக்கப்புறம்தான் இந்த எடை எங்க இருந்து வருதுன்னு உக்காந்து படிச்சேன். கம்ப்யூட்டர்ல டைப் அடிச்ச கடுதாசியை அப்படியே பிடிஎஃப் ஆக்கினா, அதுல இருக்கிறது எந்த இடத்துல எந்த எழுத்துங்கிற குறிப்பும், அந்த எழுத்துகளோட வடிவமும்தான். எடை ரொம்பக் கம்மி. எவ்வளவு பெரிசாக்கினாலும் எழுத்து மங்காது. அதையே பிரிண்ட் போட்டு, திரும்பப் படம் எடுத்தா, எழுத்து போச்சு, வெறும் புள்ளிதான். ஏ4 தாளை ஒரு அங்குலத்துக்கு 200 புள்ளின்னு ஸ்கேன் பண்ணினா சுமார் 39 லட்சம் புள்ளி. கலர்ல எடுத்தா, சுருக்குறதுக்கு முன்னால பதினோரு எம்பி. கறுப்பு வெள்ளையில எடுத்தா அரை எம்பிதான், சுருக்கினா இன்னும் நல்லாக் குறையும். வெள்ளைத் தாளைக் கலர்ல எடுத்து என்ன செய்யப்போறோம்?

அதனால கையெழுத்து வேண்டாத பக்கத்தைப் பிரிண்ட் போடாம நேரா பிடிஎஃப் ஆக்குங்க. தீர்மான நோட்டைக் கறுப்பு வெள்ளையில 200 புள்ளிக்கு எடுங்க, எழுத்து பொடியா இருந்தா 300. ஊதா முத்திரையும் ஆள் படமும் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் கலர். அதைக் கறுப்பு வெள்ளையில எடுத்தா முத்திரையே காணாமப் போயிரும்.

ஜெராக்ஸ்னு சொல்றோமே, அது ஒரு கம்பெனியோட பேரு. 2013ல ஜெர்மனியில டேவிட் கிரீசல்னு ஒருத்தர் அந்தக் கம்பெனி மெஷின்ல ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் பண்ணினார். அறையோட பரப்பளவு மாறியிருந்தது. வேற தாளைப் பார்த்தா 6 இருந்த இடத்துல 8. எடையைக் குறைக்க அந்த மெஷின், ஒரே மாதிரி தெரியுற உருவத்துக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டது. மங்கலா இருந்தாலாவது நமக்குச் சந்தேகம் வரும். இது பளிச்சுன்னு தப்பா நின்னது! கம்பெனி அப்புறம் மென்பொருளைத் திருத்திக் குடுத்தது.

போட்டோ விஷயம். வேர்டுல படத்தைப் போட்டு மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக்குறோம். சேலையை மடிச்சு வச்சா எடை குறையுமா? அதுபோலத்தான். படத்தைத் தொட்டா மேல 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்'னு வரும். அதுல அச்சுக்குன்னா 220ஐ எடுங்க, 96 வேண்டாம். வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்பினா அதுவே சுருக்கிடும். பத்திரத்தை 'டாக்குமெண்ட்'னு இருக்கிறதுல அனுப்புங்க. சுருக்கின படத்தையே திரும்பச் சுருக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பஞ்சாகும். முதல்ல எடுத்தது எப்பவும் தனியா இருக்கட்டும்.

இப்ப அச்சாகிற நம்ம மலருக்கும் ஒரு கூத்து நடந்தது. பிடிஎஃப் கனமா இருக்கேன்னு, பாமினி எழுத்துல அடிச்ச கட்டுரையை வேர்டு ஃபைலாவே சிவகாசிக்கு அனுப்பிட்டேன். அங்க திறந்தா ஒரு தமிழ் எழுத்து இல்லை, பூரா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில நாம அடிக்கிறது உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துதான், அந்த எழுத்துரு இருந்தாத்தான் தமிழாத் தெரியும். யூனிகோடுல தமிழுக்குன்னே தனி எண் இருக்கு. தமிழ்நாடு அரசும் 2010லயே அதை ஏத்துக்கிட்டது. புதுசா அடிக்கிறவங்க அதுலயே அடிங்க. எதுல அடிச்சாலும் எழுத்துருவையும் சேர்த்து வச்ச பிடிஎஃப்பா அனுப்பணும். அதனால கனம் ஒண்ணும் ஏறாது, பெரும்பாலும் நாம பயன்படுத்தின எழுத்து மட்டும்தான் உள்ள போகும். கனம் எல்லாம் படத்துலதான். வேர்டுல பிடிஎஃப் ஆக்கும்போது 'மினிமம் சைஸ்'னு ஒண்ணு கேட்கும். அச்சுக்குப் போறதுக்கு அதைத் தொடாதீங்க.

இன்னொண்ணு. இலவசமாச் சுருக்கித் தர்றோம்னு இணையத்துல நிறைய இருக்கு. அதுல பத்துப் பேரோட ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏத்துறது, முன்பின் தெரியாத ஆள் கையில குடுக்குற மாதிரி. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் நாமளே செய்யலாம்.

அந்தக் கடன் மனுவை ரெண்டாவது தடவை நானே செஞ்சேன். பக்கத்தைச் சுத்தித் தெரிஞ்ச மேசையை வெட்டினேன், சாம்பல் நிறமாக்கினேன். 170 கேபி. அனுப்புறதுக்கு முன்னால போன்ல பெரிசாக்கிப் பார்த்து நான் எண்ணை வாசிக்க, பிரதிநிதி மதினி பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வொண்ணாச் சரி சொன்னாங்க. அப்புறம்தான் அனுப்பினோம்.

செஞ்சு பார்க்கணும்னு நினைக்கிறவங்க சனிக்கிழமை மத்தியானம் ஆபீசுக்கு வாங்க. வரும்போது போனைச் சார்ஜ் போட்டுட்டு வாங்க, இங்க ஒரே ஒரு பிளக்குதான் இருக்கு.