மனைப்பிரிவும் ஊர்ப் பொது நிலமும்



சென்னை மாநகரம் விரிந்துகொண்டே வருகின்றது. அதனை அடுத்துள்ள நம் ஊராட்சிகளில் ஏர் உழுத நிலங்களிலெல்லாம் மனைக்கற்கள் நிற்கின்றன. அங்குக் குடியேறுவோருக்குச் சாலையும் வடிகாலும் பூங்காவும் வேண்டும். அச்செலவை யார் ஏற்பது?

ஊராட்சி நிதி ஒன்றே இதற்குப் போதாது. ஆகவே நிலத்தைப் பிரித்து விற்பவரும் தம் பங்கைத் தரவேண்டியவராகின்றார். மனைப்பிரிவின் சாலைகளை அவர் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்தவெளியாக அவ்வாறே வந்து சேரவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையாயின், நிலத்திற்கு ஈடாக வழிகாட்டி மதிப்புப்படி பணம் செலுத்தவும் இடமுண்டு.

பணம் வந்தால் போதுமென்பார் உளர். நாம் நிலத்தையே விரும்புவோம். பணம் செலவாகிவிடும், வீடுகள் நெருங்கியபின் பிள்ளைகள் ஓடியாட இடம் தேடினால் எங்கே கிடைக்கும்?

தானமென்று பெயரே தவிர, இது விற்பவரின் கொடையன்று. இதன் விலையும் மனை விலையிலேயே அடங்கியிருக்கின்றது. கொடுத்தவை மனை வாங்கிய எளிய குடும்பங்கள். அவ்வாறிருக்கப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு வாளாவிருத்தல் தகுமோ? இடத்தை அளந்து, கல் நட்டு, வேலியிட்டு, ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். வரைபடத்தில் பூங்காவாக இருந்த இடத்தில் பின்னர் வீடு எழும்பிய கதைகளை நாம் கேளாதவர்களல்லோம். அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊர் மனைப்பிரிவுகளின் வரைபடங்களை வரவழைத்துப் பாருங்கள்.