வெறுங்கையோடு வரலாம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



டிசம்பர் பிறந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் தூக்கம் குறைந்துவிடும். பகலில் அரையாண்டுத் தேர்வு. இரவில் விடைத்தாள் கட்டு. இடையில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துப் பொடிக்க வேண்டும். அச்சு முறுக்கு சுட வேண்டும். கீதம் பாட வருகிறவர்களுக்குத் தேநீர் போட வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்த நெருக்கடிக்கு நடுவே என் மகனின் பள்ளி நாட்குறிப்பில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ் விழா. சிவப்புச் சட்டை வேண்டும். நூறு ரூபாய்க்குக் குறையாத பரிசு வேண்டும். இரவு எட்டரை மணிக்கு அவன் அளவுக்குச் சட்டை தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். “வீட்டு நிலைமை இவங்களுக்குத் தெரியாதா?” என்று வழியெல்லாம் புலம்பினேன்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய ஆண்டு என் ஆறாம் வகுப்பில் நானும் சீட்டுக் குலுக்கி, “ஆளுக்கு ஐம்பது ரூபாயில் ஒரு பரிசு” என்று சொல்லியிருந்தேன். விழா நாளில் ஒரு மாணவி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், நம்பிவிட்டேன். விடுமுறை முடிந்ததும் அவள் அம்மா வந்தார். முந்திரி ஆலைத் தொழிலாளி. “காய்ச்சல் எல்லாம் இல்ல டீச்சர். அந்த வாரம் எனக்கு வேலை இல்ல. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு பிள்ளை அழுதா” என்றார். அன்று வருந்தினேன். ஆனால் அது என் பிழை என்று உறைத்தது, சட்டைக்கு அலைந்த இரவில்தான்.

1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தார். அதில் இருந்தவை வைக்கோல், தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. எல்லாம் அந்த ஊரிலேயே கிடைத்தவை.

சென்ற டிசம்பரில் நாங்களும் பள்ளியில் கிடைத்ததை வைத்தே கொண்டாடினோம். மாதத் தொடக்கத்தில் சிரட்டைகளில் மண் நிரப்பி நெல் விதைத்தோம். தினமும் காலையில் பிள்ளைகள் அளவுகோல் வைத்து அளந்து எழுதினார்கள். அறிவியலும் கணக்கும் அதிலேயே நடந்தன. தேர்வு முடிந்த அன்று அந்தப் பசுமைதான் குடிலுக்குப் புல்வெளி. மூங்கில் குச்சியும் பழைய நாளிதழும் நட்சத்திரமாயின. எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் செய்தார்கள். குச்சிகளை வளைத்துக் கட்டச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட அதே மாணவி. சீருடையில்தான் வந்திருந்தாள், எல்லோரும் சீருடையில்தான் இருந்தோம் என்று சொல்லலாம், என்னைத் தவிர!

கிறிஸ்துமஸோ பொங்கலோ குழந்தைகள் தினமோ, அறிவிப்பு எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: இந்த விழாவுக்கு ஒரு பிள்ளை வெறுங்கையோடு வர முடியுமா? முடியும் என்றால் மட்டும் அறிவிப்போம்.