காணாமற் போன பொருள்கள்

சென்ற திங்களில் ஒருநாள் காலை என் மூக்குக் கண்ணாடி காணாமற் போயிற்று. கண்ணாடியைத் தேடுவதற்கே கண்ணாடி வேண்டியிருக்கிறது என்பது என் வயதினர்க்கு மட்டும் விளங்கும் துன்பம். வீடு முழுதும் துழாவிய பின், அஃது அரிசிப் பானையின் மூடிமேல் இருக்கக் கண்டேன். நான் அங்கே எதற்காகச் சென்றேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்து நீரடியில், அத்தி மரத்தாலான திருவுருவம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெளியே எடுத்து வழிபட்டு, மீண்டும் நீருக்குள் வைப்பது மரபு. 1979 இல் எடுத்தார்கள். பிறகு 2019 இல் எடுத்தார்கள். வைத்த இடத்தை ஓர் ஊரே 40 ஆண்டு நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ 40 நிமிடம் நினைவில்லை.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் என்னை விடவில்லை. மாணவ நண்பர்களே, நாம் தொலைக்கும் பொருள்களெல்லாம் எங்கேதான் போகின்றன?

எங்கள் ஊர் நெசவாளரைக் கேட்டால், "தறிக்குழியில் பாருங்கள்" என்பார்கள். நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு அமரும் குழி அது. தோட்டின் திருகாணி, சட்டைப் பொத்தான், பழைய காசு என எல்லாம் அதில் விழுந்து கிடக்கும். இன்னொன்றும் சொல்லுவார்கள்: பட்டுச் சேலை நைந்து போனாலும் அதன் சரிகை வீணாவதில்லை. பழஞ்சேலைகளை விலைக்கு வாங்கி எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்போர் உண்டு. பாட்டியின் திருமணச் சேலை அவ்வாறு வெள்ளிக் கட்டியாகி, பின்பு யார் வீட்டுக் குங்குமச் சிமிழாயிற்றோ!

மண்ணும் ஒரு பெரிய தறிக்குழிதான். மதுரைக்கு அருகில் கீழடியில் 2015 ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் கிடைத்தவை முடியும் வாளும் அல்ல. நூல் நூற்கும் தக்களியின் வட்டுகள், செம்பு ஊசி, தந்தச் சீப்பு, பகடைக்காய், மணிகள் போன்ற அன்றாடப் பொருள்களே மிகுதி. அந்தச் சீப்பைக் காணாமல் ஒரு பெண் எத்தனை நாள் வீட்டாரைக் கடிந்துகொண்டிருப்பாள்! இன்று 2023 இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், இத்தகைய பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.

அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. "இஃது என் பானை" என்பதற்கு அடையாளம் போலும். எகிப்து நாட்டில், செங்கடற் கரையிலுள்ள குசீர் அல்-காதிம் என்னும் பழந்துறைமுகத்திலும் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அங்குக் கிடைத்த மற்றொரு பானை ஓட்டில், உறியில் தொங்கும் பானை எனப் பொருள்படும் எழுத்துகள் இருப்பதை 2007 இல் ஐராவதம் மகாதேவன் படித்துக் கூறினார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகியும் பானை தன் உடையவன் பெயரை மறக்கவில்லை.

கண்டெடுத்தவர் கடமையைச் சட்டமும் கூறுகிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71 ஆம் பிரிவு: பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவர், அதனைப் பாதுகாக்கும்படி ஒப்படைக்கப்பெற்றவரைப் போலவே பொறுப்புடையவர். மண்ணுள் புதைந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலாயின், 1878 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் எடுத்துச் சொல்லி, "எழுதுகோலிலும் பெயர் எழுதுங்கள்" என்று மாணவர்க்கு வற்புறுத்தி வந்தவன் நான். அப்படியிருந்தும் நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை ஒரு மாணவனின் மைப்பேனா காணவில்லை. அவனருகில் அமர்ந்தவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. விரல்களில் நீலக் கறை இருந்தது. வகுப்பின் முன்னே அவன் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். இரண்டு புத்தகங்களும் ஒரு தார்க்குச்சியும் விழுந்தன, பேனா இல்லை. நான் அதன் பிறகும் ஏதோ கடிந்து பேசினேன். காலைதோறும் அவன் சாயப்பட்டறையில் நூல் தோய்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்பதை நான் கேட்டறியவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டான் என்றார்கள்.

இரண்டு கோடை கழித்து, வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தினோம். சுவருக்கும் அதற்கும் இடையில் பேனா கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, பள்ளிக்குத் திரும்பி வரும்படி கேட்டேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தான். பேனாவை நீட்டியபோது வாங்கி, திருப்பிப் பார்த்து, என்னிடமே கொடுத்தான்.

"இது என்னுடையது இல்லைங்க, ஐயா."

பேனாவுக்கு உரியவனின் தந்தை முன்பே மாற்றலாகி வேற்றூர் சென்றிருந்தார். விசாரித்தும் முகவரி கிட்டவில்லை. அஃது என் மேசை இழுப்பறையில், வலப்பக்கத்து மூலையில், ஒரு காகித உறைக்குள் இருக்கிறது. கண்ணாடி இல்லாமலே அதை என்னால் எடுத்துவிட முடியும்.